ரொசிலிக்கு ஓடப் போகிறவர்கள் கேட்டவை

வேல்ஸின் தென்கரையில், கௌவர் தீபகற்பம் மேற்கே நீண்டு முடிகிற நுனியில் இருக்கிறது ரொசிலி. ஒரு பழைய தேவாலயம், கொஞ்சம் வீடுகள், ஒரு கார் நிறுத்துமிடம், அதற்கப்புறம் கடல். ஸ்வான்சீ நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். நான் ஸ்வான்சீக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாதம் இரண்டு தடவையாவது அங்கே போய் ஓடிவிட்டு வருவேன். கேட்க விரும்புவதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, ஸ்வான்சீயில் படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது. நகரத்தில் கடலோரமாக 5 கி.மீ. ஓடுகிறேன். ரொசிலியில் முதல் தடவை எங்கே ஓடலாம்?

தம்பி, கார் நிறுத்துமிடத்திலிருந்து மேற்கே, மலைமுனையில் இருக்கும் பழைய கடலோரக் காவல் குடிலுக்குப் போகும் பாதையைப் பிடியுங்கள். கிட்டத்தட்ட சமதளம், நல்ல அகலம். வலது பக்கம் செங்குத்தான பாறை, அதற்குக் கீழே விரிகுடா. இடது பக்கம் கல்சுவரைத் தாண்டி நீள நீளமாக, ரிப்பன் கிழித்துப் போட்ட மாதிரி வயல்கள் தெரியும். அதற்கு ‘வைல்’ என்று பெயர். இடைக்காலத்தில் குடியானவர்கள் ஆளுக்கு ஒரு பட்டையாகப் பிரித்து உழுத நிலம். அந்தப் பிரிவினை இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிற இடங்கள் பிரிட்டனிலேயே குறைவு.

குடில்வரை போய் அதே வழியில் திரும்பலாம். கால் இன்னும் கேட்கிறது என்றால் வயல்களைச் சுற்றிக்கொண்டு தெற்குக் கரையோரமாக மியூஸ்லேட் பக்கம் போய், மிடில்டன் வழியாக ஊருக்குத் திரும்புங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் வரும். முதல் தடவைக்கு அது போதும்.

படங்களில் வரும் அந்த நீண்ட மணல்கரையில் ஓட முடியுமா? ஒரு தடவை வந்தபோது கால் புதைந்து ஓடவே முடியவில்லை.

நீங்கள் ஏற்றத்தில், அதாவது கடல்நீர் மேலேறிக் கரையை மூடும் நேரத்தில், வந்திருப்பீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ரொசிலியில் எந்த வழியில் ஓடுவது என்ற முடிவு பாதி கடலின் கையில் இருக்கிறது.

இந்தக் கரைக்கு முன்னால் இருக்கும் கடலுக்குப் பிரிஸ்டல் கால்வாய் என்று பெயர். அது கிழக்கே போகப் போகப் புனல் மாதிரி குறுகுகிறது. உள்ளே வரும் தண்ணீருக்குப் பரவ இடமில்லாததால் உயர்ந்துவிடுகிறது. உலகிலேயே மிக அதிகமாக ஏறி இறங்கும் கடல்களில் இதுவும் ஒன்று. ரொசிலியில் பெரிய ஏற்றத்தின்போது சுமார் 8 மீட்டர், அதாவது இரண்டு மாடிக்கு மேல். நம் ஊர்க் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது மனதில் உறைக்கவே சில மாதம் ஆகும்.

ஏற்றத்தில் மேல்மணலும் கூழாங்கல்லும்தான் மிஞ்சும். அதில் ஓடுவது தண்டனை. வற்றத்தில், அதாவது கடல் பின்வாங்கும் நேரத்தில், அதே இடம் தார்ச்சாலை மாதிரி இறுகிய ஈரமணலாக, ஊரிலிருந்து வடகோடியில் பெரி ஹோம்ஸ் தீவுவரை சுமார் 5 கிலோமீட்டர் திறந்துவிடும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மணலில் இறங்குங்கள்.

ஒரு சின்னக் கணக்கு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் வற்றம் மதியத்தை ஒட்டி வரும். அப்புறம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். வீட்டில் தினசரிக் காலண்டர் மாட்டியிருப்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ஆனால் கிளம்பும் முன் அன்றைய ஏற்ற வற்ற நேர அட்டவணையைப் பார்க்காமல் போகாதீர்கள்.

ஊர்ப் பக்கத்து மணலில் கறுத்த மரக்கட்டைகள் விலா எலும்பு மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். 1887 நவம்பரில் கரை தட்டிய ‘ஹெல்வெஷியா’ என்ற நார்வே கப்பலின் மிச்சம் அது. மரம் ஏற்றி வந்த கப்பல். கட்டைகளைச் சுற்றி மணல் குழிந்து தண்ணீர் தேங்கியிருக்கும், மேலே பச்சைப் பாசி. வேகமாக வந்து குழியில் கால் விட்டால் கணுக்கால் போய்விடும். ஐந்தடி தள்ளியே ஓடுங்கள்.

வோர்ம்ஸ் ஹெட் தீவுக்கு ஓடிக் கடக்கலாமா?

ஓடிக் கடக்க முடியாது. மலைமுனைக்கும் தீவுக்கும் நடுவே, கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் அந்தக் கடக்கும் இடம் பாதையே அல்ல. சிப்பி ஒட்டிய கூரான பாறை, இடையில் குட்டை, அதில் வழுக்கும் கடற்பாசி. கையை ஊன்றி ஊன்றித்தான் போக வேண்டும். வற்றத்துக்கு முன் இரண்டரை மணி நேரம், பின் இரண்டரை மணி நேரம் மட்டும் வழி திறந்திருக்கும்.

நான் மாட்டிக்கொண்ட கதை: இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அட்டவணையில் அந்தக் கோடைகால நேரத்தை ஏற்கெனவே கூட்டித்தான் போட்டிருந்தார்கள். அது தெரியாமல் நான் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கொண்டேன். தீவில் உட்கார்ந்து சீல்களை வேடிக்கை பார்த்துவிட்டு, ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று ஆற அமரத் திரும்பினால், காலையில் தாண்டிக் குதித்த ஓடை தொடையளவு ஓடிக்கொண்டிருந்தது. எப்படியோ கரையேறினேன். அதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன், முட்டாள்தனம். வழி மூடிவிட்டால் செய்ய வேண்டியது, தீவிலேயே உட்கார்ந்து அடுத்த வற்றத்துக்குக் காத்திருப்பது. நீந்தவோ தண்ணீரில் இறங்கி நடக்கவோ கூடாது. ஆபத்து என்றால் 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

தீவின் வெளிமுனையில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும். அப்போது அங்கே ஏறக் கூடாது.

அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன் அக்கா. ஏற்ற இறக்கம் வேண்டும்.

ரொசிலி டவுன். டவுன் என்றால் இங்கே நகரம் அல்ல, ஊருக்கு வடக்கே விரிகுடாவை அணைத்தபடி கிடக்கும் மேடு. உச்சி 193 மீட்டர்தான், ஆனால் கௌவரிலேயே அதுதான் உயரம். ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறும் முதல் பத்து நிமிடம் மூச்சை வாங்கிவிடும். நான் பாதி தூரம் நடந்துதான் ஏறுவேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே போனால் புல்பாதை, ஆகஸ்டில் ஊதாநிற ஹெதர் பூ, அங்கங்கே குதிரைகள். வடக்கே ஹில்எண்ட் பக்கம் இறங்கி, மணலைப் பிடித்து ஊருக்குத் திரும்பினால் சுமார் 8 கிலோமீட்டர். இரண்டு சுற்று போனால் உங்கள் பயிற்சிக்குச் சரியாக இருக்கும்.

மேடு முதலிலா, மணல் முதலிலா என்று கேட்பீர்கள். வற்றம் எப்போது என்று பாருங்கள், அதுவே சொல்லிவிடும். இரண்டும் ஒத்துவரும் நாளில் எனக்குப் பிடித்தது மணல் முதலில். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். வடக்கே ஓடும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். எதிர்த்து ஓடினால் மணல் பறந்து கண்ணில் அடிக்கும். மேட்டின் மேலும் எதிர்காற்று உண்டு, ஆனால் அங்கே மணல் பறக்காது.

இன்னும் நீளமாக, ஒரு நாள் முழுக்கப் போகிற மாதிரி?

ரொசிலியிலிருந்து தெற்குக் கரையோரமாகப் போர்ட் ஐனன்வரை, சுமார் 11 கிலோமீட்டர். 2012-இல் திறந்த வேல்ஸ் கடலோரப் பாதையின் ஒரு துண்டு இது. முழுப் பாதை 1,400 கிலோமீட்டர். மஞ்சள் சிப்பியில் டிராகன் வால் வரைந்த அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். என்னைக் கேட்டால் மணல்கரையைவிட இதுதான் அழகு, ஆனால் கூட்டம் அந்தப் பக்கம் வருவதில்லை. சுண்ணாம்புப் பாறைகள், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பள்ளம். வேகம் எதிர்பார்க்காதீர்கள்.

வழியில் காலுக்குக் கீழே பாவிலண்ட் குகை இருக்கிறது. 1823-இல் வில்லியம் பக்லண்ட் என்ற நிலவியலாளர் அங்கே செங்காவி பூசிய எலும்புக்கூட்டைக் கண்டெடுத்து, ரோமானியர் காலத்துப் பெண் என்று நினைத்தார். ‘சிவப்புச் சீமாட்டி’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. பிறகு பார்த்தால் அது ஓர் இளைஞன், வயதோ முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். குகைக்கு இறங்குவது வற்றத்தில் மட்டும்தான் முடியும், அதுவும் பாறையில் தொற்றி. ஓட வந்த நாளில் அந்த வேலை வேண்டாம்.

தனியாக ஓடும் பெண்ணுக்குப் பாதுகாப்பா? பாம்பு இருக்குமா?

பதினோரு வருடத்தில் மனிதர்களால் எனக்குத் தொந்தரவு வந்ததில்லை. ஆனாலும் எந்த வழியில் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன், போன் சிக்னல் பல இடங்களில் இருக்காது. ஆடர் என்ற விரியன் வகைப் பாம்பு உண்டு, பிரிட்டனின் ஒரே விஷப்பாம்பு. வெயில் காயப் பாதையில் படுத்திருக்கும், காலடி அதிர்ந்தால் போய்விடும். நான் பார்த்தது இரண்டே தடவை. அதைவிட உண்ணிதான் கவலை. புதர்ப்புல்லில் ஓடிவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். லைம் நோய் பரப்பும்.

கன்றோடு மாடு நின்றால் சுற்றிக்கொண்டு போங்கள்.

என்ன ஷூ, என்ன உடை?

மணலுக்கும் காவல் குடில் பாதைக்கும் சாதாரண ஓட்டக் காலணி போதும். மேட்டுக்கும் தெற்குக் கரைக்கும் பிடிப்புள்ள டிரெயில் ஷூ. காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஜூலையிலும் இடுப்பில் இருக்கட்டும்.

அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், 64 வயது, சர்க்கரை உண்டு. நான் ஓடும் நேரத்தில் அவர் என்ன செய்வார்?

காவல் குடில் பாதையில் நடக்கச் சொல்லுங்கள், பையில் ஏதாவது இனிப்பு இருக்கட்டும். மணலுக்கு இறங்கும் வழியில் மட்டும் அனுப்பாதீர்கள், திரும்பி ஏறுவது செங்குத்து. குளிர் தாங்கவில்லை என்றால் தேவாலயத்துக்குள் போகலாம். தென்துருவத்துக்குத் துருவப் பயணி ஸ்காட்டோடு போய்த் திரும்பும் வழியில் 1912-இல் இறந்த எட்கர் எவன்ஸ் இந்த ஊர்க்காரர். அவருக்கு உள்ளே ஒரு பளிங்கு நினைவுக்கல் இருக்கிறது.

கார் இல்லை. பேருந்தில் வந்து, டிசம்பரில் சாயங்காலம் ஓடலாமா?

ஸ்வான்சீ பேருந்து நிலையத்திலிருந்து வண்டி உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது, ஞாயிறு இன்னும் குறைவு. திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஊரைத் தாண்டினால் ஒரு விளக்கும் இல்லை. காலை வண்டியில் வாருங்கள். சாயங்கால ஓட்டத்தை ஜூனுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதரைவரை வெளிச்சம் இருக்கும்.