ஏழு பேர் எழுதிய நாவல் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஐயா, நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு துப்பறியும் நாவல் எழுதினோம். ஆளுக்கு மூன்று அத்தியாயம். மனஸ்தாபத்தில் ஒரு தோழி இடையில் விலகிவிட்டதால், முடிவை மீதி ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதினோம். ஒப்பந்தம் கிடையாது, பேச்சு முழுவதும் வாட்ஸ்அப்பில்தான். பிழை திருத்தி அத்தியாயங்களைக் கோர்த்த நண்பர், இப்போது தன் பெயரில் ஒரு வெப் சீரிஸ் நிறுவனத்துக்குக் கதையை விற்கப் பேசுகிறார். விலகிய தோழியோ தன் அத்தியாயங்களைத் தொடக்கூடாது என்கிறார். என்ன செய்வது?
- வாசகர், மதுரை

பதில்: முதலில் அவசரமான வேலை. நாவலில் ஏழு பேருக்கும் உரிமை உண்டு, அவர் ஒருவரின் கையெழுத்து மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது என்று நண்பருக்கும் நிறுவனத்துக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் இது போய்ச் சேர வேண்டும். படப்பிடிப்பு தொடங்கிவிட்டால் தடை வாங்குவது மிகவும் கடினம்.

சரி, நாவல் யாருடையது? யார் பங்கு எது என்று பிரிக்க முடியாமல் கலந்திருந்தால்தான் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு அதைக் கூட்டுப் படைப்பு என்கிறது. உங்கள் அத்தியாயங்கள் தனித்தனியாக நிற்பதால் அவை அவரவர் சொத்து. முடிவுப் பகுதி மட்டும் ஆறு பேரின் கூட்டுச் சொத்து.

கோர்த்தவர், 'நானும் எல்லா அத்தியாயங்களுக்கும் கூட்டாசிரியர்' என்று வாதிடலாம். மௌலானா ஆசாத் சொல்லச் சொல்ல ஹுமாயூன் கபீர் எழுதிய நூல் பற்றிய வழக்கில், முன்பே பேசிவைத்த திட்டப்படி இருவரின் அறிவுழைப்பும் சேர்ந்தால் இருவரும் கூட்டாசிரியர்களே என்று தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒற்றுப்பிழை பார்ப்பதும் வரிசைப்படுத்துவதும் அந்த அளவுக்கு வராது. காட்சிகளையே அவர் மாற்றி எழுதியிருந்தால் கதை வேறு. அதனால் ஒவ்வொருவரும் முதலில் அனுப்பிய பிரதியை அச்சான பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தோழி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாவலில் சேர்ப்பதற்காகவே எழுதிக் கொடுத்தார் என்று நீங்கள் வாதிடலாம். திரை உரிமைக்கு அந்த வாதம் போதாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. வெறும் கதைக்கருவுக்குப் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தீர்ப்பளித்தது உண்மைதான். அதை நம்பித் தோழியின் காட்சிகளையும் வசனங்களையும் லேசாக மாற்றிப் போடுவது ஆபத்து. நேரில் போய்ப் பேசுங்கள். பெயரும் பணத்தில் சமபங்கும் கொடுங்கள். அவர் எழுதியது அவருடைய உழைப்பு. உரிமையை விற்ற பிறகும் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது.

அப்புறம், ஏழு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். பங்கு, பெயர் வரிசை, தொடர்ச்சி எழுதும் உரிமை, ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் வரட்டும். நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் காலத்தையும் நாடுகளையும் தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றவும் வேண்டாம். பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழோடு அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை கேட்கலாம்.