கண்மாய் விராலுக்கு எந்த ராடு, எந்த நரம்பு?

கேள்வி: கண்மாயில் விரால் பிடிக்க ராடும் ரீலும் வாங்கப்போகிறேன். கடையில் 10 அடி ராடும் 0.40 மி.மீ. தங்கூசி (ஒற்றை இழை நைலான்) நரம்பும் காட்டுகிறார்கள். சரிப்படுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: 10 அடி ராடு கடற்கரைக்கு ஏற்றது. கருவேல மரம் கவிந்த கண்மாய்க் கரையில் அதை வீச இடம் இருக்காது. ஆறரை முதல் 7 அடி வரை, ‘மீடியம் ஹெவி’ (ஓரளவு விறைப்பான) ராடு எடுங்கள். ரீல் 3000 அளவு ஸ்பின்னிங் போதும்.

நரம்பில்தான் விஷயமே இருக்கிறது. தங்கூசி இழுபடும். விரால் கவ்வியதும் தாமரைத் தண்டுக்குள் பாயும். நீங்கள் சுண்டும் விசையை நரம்பே வாங்கிக்கொள்ள, தூண்டில் முள் மீனின் தாடையில் ஏறாது. 30 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு (பல இழைகளைப் பின்னியது; இழுபடாது) வாங்குங்கள். அது வழுவழுப்பானது, வெறும் ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) வழுக்கிச் சுழலும். முதலில் 5 மீட்டர் தங்கூசி சுற்றி, அதன் மேல் பின்னலை ஏற்றுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்திவிட வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் வீசும்போது கொத்தாக அவிழ்ந்து சிக்கிக்கொள்ளும். வீசிய பிறகு ரீல் கம்பியை (வீசுவதற்குத் திறக்கும் வளைந்த கம்பி) கையால் மடக்குங்கள்; நரம்பில் முறுக்கு குறையும்.

நரம்பு நுனியைத் தராசில் மாட்டி இழுத்து, 3 கிலோவில் நரம்பு நகரும்படி ரீலின் பிரேக்கை வையுங்கள். ரப்பர் தவளையை (முள் பொருத்திய செயற்கை இரை) விரால் கவ்வியதும் உடனே சுண்டாமல், இரண்டு நொடி பொறுங்கள்.

செந்நிற விரால் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால், அங்கே வீசவே வேண்டாம். கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். கண்மாய் ஏலம் போயிருந்தால், குத்தகைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.