பிஸ்னஸ் கிளாஸில் போயும் மைல்ஸ் குறைந்தது ஏன்?

கேள்வி: நானும் மனைவியும் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் லண்டனில், மகள் ரொறன்ரோவில். 2022இலும் 2025இலும் ஒரே மாதிரியான பயணம் போனோம். கட்டுநாயக்கவிலிருந்து ஶ்ரீலங்கனில் லண்டன், மகன் வீட்டில் சில வாரம், பிறகு பிரிட்டிஷ் எயார்வேஸில் ரொறன்ரோ போய் வந்தோம். மனைவிக்கு முழங்கால் வருத்தம், அதனால் எல்லாமே பிஸ்னஸ் கிளாஸ். மலிவு விற்பனை வரும்போது பார்த்து மகன் எடுத்துத் தருவான். மைல்ஸை (பறப்பதற்காக விமானக் கம்பனி தரும் புள்ளிகளை) எங்கள் இருவருடைய பிரிட்டிஷ் எயார்வேஸ் கணக்குகளில் சேர்க்கிறோம். 2022இல் ரொறன்ரோ போய்வந்ததற்கு எனக்கு 10,650 ஏறியது. இந்த முறை ஆளுக்கு 1,640 பவுண் கட்டினோம், அதே இருக்கை, அதே தூரம், 7,800தான். ஶ்ரீலங்கனில் போனதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மனைவியின் கணக்கில் அந்த ஶ்ரீலங்கன் பயணத்துக்கு ஒன்றுமே ஏறவில்லை. ரிக்கெட், கணக்குப் படங்களை இத்துடன் அனுப்புகிறேன். பிழை யாருடையது? இனி மைல்ஸுக்காகக் கொஞ்சம் கூடின விலையில் ரிக்கெட் எடுக்கச் சொல்லலாமா?

பதில்: 7,800இல் பிழை இல்லை சேர். மனைவியின் கணக்கில் ஏறாததுதான் பிழை. அது திருத்தக்கூடிய பிழை, கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த 10,650 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஹீத்ரோவிலிருந்து ரொறன்ரோ ஏறக்குறைய 3,550 மைல். அந்தக் காலத்துக் கணக்கு தூரத்தையும் ஓர் எழுத்தையும் பெருக்குவது. எந்த எழுத்து? நீங்கள் அனுப்பிய ரிக்கெட் படத்தில் விமான இலக்கத்துக்குப் பக்கத்தில் தனியாக ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து நிற்கிறது, பாருங்கள். அதுதான் புக்கிங் கிளாஸ். நான் திருகோணமலை வீதியில் ஒரு டிராவல்ஸில் வேலை பழகிய காலத்தில் இந்த எழுத்தை ரிக்கெட் புத்தகத்தில் கையால் எழுதுவோம், விரலெல்லாம் சிவப்புக் கார்பன். 2008 ஜூனோடு காகித ரிக்கெட் போய்விட்டது, எழுத்து மட்டும் போகவில்லை.

பிஸ்னஸ் கிளாஸ் என்றால் பயணிக்கு ஒரே அறை, ஒரே கதிரை. விமானக் கம்பனிக்கு அப்படி இல்லை. ‘ஜே’, ‘சி’, ‘டி’ என்பவை விலை கூடின பிஸ்னஸ். ‘ஐ’, ‘ஆர்’ என்பவை மலிவு விற்பனையில் போகும் பிஸ்னஸ். பிரிட்டிஷ் எயார்வேஸ் பழைய முறையில் முதல் வகைக்குத் தூரத்தின் 250 வீதம் கொடுத்தது, இரண்டாவது வகைக்கு 150 வீதம். உங்களுடையது ‘ஐ’. 3,550இன் ஒன்றரை மடங்கு 5,325. போக்குவரத்து இரண்டுக்கும் 10,650. அச்சொட்டாகப் பொருந்துகிறது.

2023 ஒக்டோபரில் இந்தக் கணக்கைத் தூக்கிவிட்டார்கள். இப்போது தூரமும் இல்லை, எழுத்தும் இல்லை. கட்டிய காசு மட்டும்தான். அங்கத்தவரை எவ்வளவு பறக்கிறார் என்று பார்த்துப் படிகளாகப் பிரிக்கிறார்கள். உங்களைப் போல ஆரம்பப் படியில் இருக்கும் அங்கத்தவருக்கு ஒரு பவுணுக்கு 6 ஏவியோஸ் (அவர்களுடைய மைல்ஸுக்கு அதுதான் பெயர்). அதற்கு மேல் வெண்கலம் 7, வெள்ளி 8, தங்கம் 9. இந்த யோசனை அவர்களே கண்டுபிடித்ததும் அல்ல. அமெரிக்காவில் டெல்டாவும் யுனைட்டட்டும் 2015இல், அமெரிக்கன் எயார்லைன்ஸ் 2016இல் இந்தப் பாதையில் இறங்கிவிட்டன.

சரி, காசு என்றால் எந்தக் காசு? இங்கேதான் பலருக்குத் தடுமாற்றம். மகனின் கார்ட்டில் போன முழுத் தொகை அல்ல. ஆளுக்கு 1,640 பவுண் என்று எழுதியிருக்கிறீர்கள். ரசீதில் கீழே இறங்கிப் பார்த்தால் அது துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். அடிப்படைக் கட்டணமும் விமானக் கம்பனி தானே போடும் மேலதிகக் கட்டணமும் சேர்ந்து 1,300. மிச்சம் அரசாங்கங்களும் விமான நிலையங்களும் எடுப்பது. அதற்கு ஏவியோஸ் கிடையாது. அதில் பெரிய துண்டு பிரித்தானியாவின் விமானப் பயணி வரி. ரொறன்ரோ மாதிரித் தூரத்துக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய வருடத்தில் சாதாரண வகுப்புக்கு 90 பவுண், அதற்கு மேற்பட்ட எந்த வகுப்பானாலும் 216 என்று இருந்தது. எக்கொனொமிக்கும் பிஸ்னஸுக்கும் இடைப்பட்ட பிரீமியம் எக்கொனொமியில் போனாலும் இந்தக் கூடின வரிதான், அது எனக்கு இன்றைக்கும் நியாயமாகப் படவில்லை. ஆக 1,300ஐ ஆறால் பெருக்குங்கள். 7,800.

இந்த மாற்றத்தில் அடி வாங்கியது யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மலிவான எக்கொனொமிக்காரர் இல்லை. அவர் பழைய முறையில் தூரத்தின் 25 வீதம்தான் வாங்கினார், அதாவது ரொறன்ரோ போய்வர 1,775. இன்று வரி நீங்கலாக 300 பவுண் ரிக்கெட் எடுத்தால் 1,800. கம்பனிக் காசில் போகும் பெரிய உத்தியோகத்தரைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். அவருடைய ரிக்கெட் வரி நீங்கலாக 3,000 பவுண் என்றால் 18,000 ஏறும். பழைய ‘ஜே’ கணக்கில் அது 17,750. இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை. அடி வாங்கியது நடுவில் நின்றவர். ஆறு மாதம் காத்திருந்து, விற்பனை வந்த அன்று இரவு கண் விழித்து, அம்மாவின் முழங்காலை நினைத்து மலிவு பிஸ்னஸ் எடுத்த பிள்ளை. நம்மவர்களில் பிஸ்னஸில் போகிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போகிறார்கள் என்பது என் அனுபவம்.

தரப்படியிலும் இதே கதை, இன்னும் கடுமையாக. பழைய முறையில் ரொறன்ரோ மாதிரி நீண்ட தூர பிஸ்னஸ் பயணம் ஒரு வழிக்கு 140 படிப் புள்ளி (படி உயர்வதற்கென்று தனியாகச் சேரும் புள்ளி), போய்வர 280. வெள்ளிப் படிக்கு 600 போதும். கிட்டத்தட்டப் பாதி தூரம் ஒரே பயணத்தில். 2025 ஏப்ரலில் திட்டத்தின் பெயரையும் மாற்றி, படிப் புள்ளியையும் பவுணுக்கு ஒன்று என்று ஆக்கி, வெள்ளிக்கு 7,500 என்று வைத்தார்கள். உங்கள் 1,300 அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆனால் இதற்காக மனம் வருந்த வேண்டாம். வெள்ளிப் படியால் கிடைக்கும் பெரிய சலுகைகள் லவுஞ்சும் (விமான நிலைய ஓய்வறை) கூடுதல் பொதியும். பிஸ்னஸில் போகிறவருக்கு அவை பெரும்பாலும் ரிக்கெட்டிலேயே இருக்கின்றன. படி உதவுவது அடிக்கடி எக்கொனொமியில் பறக்கிறவருக்கு.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மலிவு பிஸ்னஸ் என்ற பெயரில் சில கம்பனிகள் கதிரையைத் தந்துவிட்டு மற்றதைக் கழித்துக்கொள்கின்றன. எமிரேட்ஸ் 2019இலும் கட்டார் எயார்வேஸ் 2020இலும் லவுஞ்ச் இல்லாத பிஸ்னஸ் ரிக்கெட்டை அறிமுகப்படுத்தின. லண்டனில் வீட்டிலிருந்து ரயிலில் ஹீத்ரோ போகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. மட்டக்களப்பிலிருந்து இரவு வான் வண்டியில் ஏறி, பொலன்னறுவை, ஹபரணை தாண்டி ஏழெட்டு மணித்தியாலம் குலுங்கி வந்து, கட்டுநாயக்கவில் வீங்கிய காலோடு இறங்கும் உங்கள் மனைவிக்கு அது பெரிய விஷயம். முகம் கழுவ, காலை நீட்டி இருக்க ஓர் இடம். டுபாய், டோஹா வழியாக மகன் எடுப்பதானால் மைல்ஸைக் கேட்பதற்கு முன் லவுஞ்ச் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஶ்ரீலங்கன் பயணம் மட்டும் ஏன் தப்பியது? ஶ்ரீலங்கன் 2014 மே மாதத்திலிருந்து வன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது, பிரிட்டிஷ் எயார்வேஸும் அதிலேயே இருப்பதால் இங்கே பறந்து அங்கே சேர்க்க முடிகிறது. ஆனால் நீங்கள் ஶ்ரீலங்கனுக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்ற கணக்கு பிரிட்டிஷ் எயார்வேஸுக்குப் போவதில்லை. அதனால் கூட்டாளிக் கம்பனி விற்ற, கூட்டாளியின் விமான இலக்கம் போட்ட பயணத்துக்குப் பழையபடி தூரமும் எழுத்தும்தான். கொழும்பு–லண்டன் ஏறக்குறைய 5,400 மைல், நல்ல நீளம். மலிவு பிஸ்னஸில் போகிறவருக்கு இன்னும் மிஞ்சியிருக்கிற லாபம் இந்த மூலையில்தான்.

ரிக்கெட்டை யார் விற்றார்கள் என்று அறிய ஒரு சுருக்கு வழி, பதின்மூன்று இலக்க ரிக்கெட் நம்பரின் முதல் மூன்றைப் பாருங்கள். 603 என்றால் ஶ்ரீலங்கன், 125 பிரிட்டிஷ் எயார்வேஸ், 157 கட்டார், 176 எமிரேட்ஸ். டிராவல்ஸ்காரர் எடுத்துத் தந்தாலும் இந்த மூன்று இலக்கம் உண்மையைச் சொல்லிவிடும்.

இனி, மைல்ஸுக்காகக் கூடின விலை கொடுக்கலாமா என்ற கேள்வி. கொடுக்காதீர்கள். உங்களுக்குக் குறைந்தது 2,850 ஏவியோஸ். ஓர் ஏவியோஸை நான் ஒரு பென்ஸுக்கு மேல் மதிப்பதில்லை. ஆக நட்டம் 28 பவுண் சொச்சம், இலங்கைக் காசில் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். அதை மீட்க 6 ஏவியோஸ் விகிதத்தில் 475 பவுண் கூடக் கட்ட வேண்டும்! மகனிடம் சொல்லிவிடுங்கள், மலிவு விற்பனைதான் இன்றைக்கும் சரி.

ஏறிய ஏவியோஸைச் சும்மா தூங்கவிடவும் வேண்டாம். 36 மாதம் கணக்கில் ஓர் அசைவும் இல்லாவிட்டால் அழிந்துவிடும். நீங்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போகிறீர்கள், விளிம்பில்தான் நிற்கிறீர்கள். கட்டார் எயார்வேஸும் ஏவியோஸையே பயன்படுத்துவதால் இரண்டு கணக்கையும் இணைத்து ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். அடுத்த முறை டோஹா வழியாகப் போனால் உதவும். மகன் காசு கட்டினாலும் மைல்ஸ் பறந்தவருக்குத்தான் என்பதையும் சொல்லிவைக்கிறேன், இதை வைத்து வீட்டுக்குள் வழக்குப் போன கதைகள் எனக்குத் தெரியும்.

கடைசியாக மனைவியின் கணக்கு. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரிக்கெட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அவருடைய தகப்பனார் பெயர், சாய்கோட்டுக்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயர். ஏவியோஸ் கணக்கிலோ குடும்பப் பெயர் என்ற பெட்டியில் உங்கள் பெயர். திருமணத்துக்குப் பிறகு போட்ட பெயர்தான், வீட்டில் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். கம்ப்யூட்டருக்கு அவர் வேறு ஆள். பிரிட்டிஷ் எயார்வேஸ் ரிக்கெட்டை மகன் அந்தக் கணக்குக்குள் இருந்தே எடுத்ததால் அங்கே பிரச்சினை வரவில்லை. ஶ்ரீலங்கன் ரிக்கெட்டைக் கடவுச்சீட்டைப் பார்த்து எடுத்திருக்கிறார்.

கணக்கில் உள்ள பெயரைக் கடவுச்சீட்டில் எழுத்துக்கு எழுத்து உள்ளபடி மாற்றச் சொல்லி முதலில் எழுதுங்கள். கடவுச்சீட்டின் முதல் பக்கப் படத்தையும் அதோடு வையுங்கள். பெயர் மாறிய பிறகு, விடுபட்ட மைல்ஸைக் கேட்கும் படிவத்தில் 603இல் தொடங்கும் அந்த ரிக்கெட் நம்பரைக் கொடுங்கள். இதற்குக் கால எல்லை இருக்கிறது, அதனால் இந்தக் கிழமையே தொடங்குங்கள். போர்டிங் பாஸ் இருந்தால் வேலை சுலபம். பயணத்துக்குக் கொண்டுபோன கைப்பையின் பக்கப் பையில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அநேகமாக அங்கேதான் இருக்கும்.