மாடிக்கு வர மாமனார் யாரையும் கேட்க வேண்டாம்

(வீடு கட்டுவது, மாற்றிக் கட்டுவது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பெங்களூரு அல்சூரில் வசிக்கும் கட்டடப் பொறியாளர் ஒருவரின் பதில்கள்.)

கேள்வி: ராமமூர்த்தி நகரில் 30-க்கு 40 அடி சைட்டில் எங்கள் வீடு. கீழே கார் நிறுத்தும் இடமும் ஒரு சின்ன அறையும். முதல் மாடியில் நாங்கள். சமையலறை, பூஜை அறை எல்லாம் அங்கேதான். இரண்டாவது மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாமனாருக்கு 79 வயது, முழங்கால் தேய்மானம். மாமியாருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "அம்மா அப்பாவைக் கீழ் ரூமில் வைத்துவிடலாம், சாப்பாட்டைக் கொடுத்தனுப்பலாம். லிஃப்ட்டுக்கு எதற்கு 12 லட்சம்?" என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. லிஃப்ட் வைப்பதால் உண்மையில் என்ன பயன்?

பதில்: உங்கள் மனசு சொல்வது சரி. உங்கள் கணவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கீழே இருந்தால் படி ஏற வேண்டாம், விழ மாட்டார்கள் என்று நினைக்கிறார். ஆனால் கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம் பக்கம் இப்படிக் கீழே மாறிய பெரியவர்களின் வீடுகளுக்கு வேலையாகப் போய் வந்திருக்கிறேன். ஆரம்பத்தில் பேரப்பிள்ளைகள் கீழே இறங்கி வந்து தாத்தாவோடு சாப்பிடுவார்கள். பரீட்சை வரும், டியூஷன் வரும். அப்புறம் டிபன் கேரியர் மட்டும் இறங்கும். "சாப்பிட்டீங்களா?" என்று மேலே இருந்து போனில் கேட்பார்கள். அந்த வீட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது. நடுவில் இருக்கும் படிக்கட்டுதான் அப்படிச் செய்கிறது.

லிஃப்ட்டின் முதல் பயனாக நான் சொல்வது இதைத்தான்: மாமனார் யாரையும் கேட்காமல் தன் வீட்டுக்குள் நடமாடலாம். பூஜை அறையில் விளக்கேற்ற வேண்டும், மோர் குடிக்க வேண்டும், மொட்டை மாடியில் சற்று வெயில் காய வேண்டும் என்று தோன்றினால் அவரே கிளம்பலாம். "யாராவது கையைப் பிடிச்சுக்கோங்கப்பா" என்று கூப்பிடத் தயங்கித்தான் பல பெரியவர்கள் ஆசைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் லிஃப்ட் வந்த பிறகு என் அம்மா மறுபடியும் மாடியில் வடகம் பிழிய ஆரம்பித்தார். அவர் மேலே போனதே பல நாள் எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதில்தான் எனக்குச் சந்தோஷம்.

உடம்புக்கும் இது சின்ன விஷயம் இல்லை. படி ஏறும்போதும் இறங்கும்போதும் முழங்கால் மூட்டில் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தேய்ந்த மூட்டுக்கு இறங்குவது இன்னும் கஷ்டம். நம் ஊர் பழைய வீடுகளில் இடத்தை மிச்சம் பிடிக்கப் படியை உயரமாகவும் குறுகலாகவும் வைத்து, திருப்பத்தில் முக்கோணப் படி வேறு போட்டிருப்பார்கள். அந்தத் திருப்பத்தில்தான் கால் தடுமாறும். பிரசவம் முடிந்து வரும் பெண்ணுக்கும், காலில் கட்டுப் போட்டிருக்கும் பையனுக்கும், 25 கிலோ அரிசி மூட்டைக்கும் அதே படிதான். வீட்டில் எல்லோருக்கும் ஒரு நாள் அந்த லிஃப்ட் வேண்டியிருக்கும்.

வாங்குவது என்று முடிவானால், இன்றைய முழங்கால் வலியை மட்டும் வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள். சக்கர நாற்காலியும் அதைத் தள்ளுபவரும் தாராளமாக நிற்க 1,100 மி.மீ. அகலம், 1,400 மி.மீ. ஆழம் நல்ல அளவு. கதவு திறந்தால் 800 மி.மீ. வழி வேண்டும். 30-க்கு 40 வீட்டில் இவ்வளவு இடம் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால், வீட்டுக்கு வரக்கூடிய நாற்காலியின் அகலத்தை அளந்து, அது நுழையும் அளவுக்காவது வையுங்கள். ஒருவர் மட்டும் நிற்கும் லிஃப்ட்டில், கை பிடித்து அழைத்துப் போக வேண்டிய நாளில் யார் கூடப் போவது?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு தளத்திலும் இருக்கும் வெளிக்கதவுக்கும் நாம் நிற்கும் கேபினின் உள்கதவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஒரு குழந்தை அங்கே நின்றிருக்கும்போது வெளிக்கதவு மூடி லிஃப்ட் நகர்ந்தால் உயிர் போகும். நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஆபத்து என்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. பழைய மாதிரிக் கம்பிக் கதவை யார் மலிவாகத் தந்தாலும் வேண்டாம். தானே திறந்து மூடும் கதவும், குறுக்கே கை வந்தால் நிற்கும் ஒளித்திரை சென்சாரும் கேளுங்கள்.

மேலே வாடகைக்காரர்கள் இருப்பதால், அந்தத் தளத்துக்குச் சாவியோ கார்டோ போட்டால்தான் போகும்படி வைக்கலாம். லிஃப்ட் போக வழி விடத் தளத்தின் கான்கிரீட்டை வெட்டும் முன், கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் ஒருவர் கண்டிப்பாக வந்து பார்க்க வேண்டும். தளத்தைத் தாங்கும் உத்தரத்தை (பீம்) வெட்டக் கூடாது. தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் பழைய வீடு என்றால், சுவரில் பாரம் ஏற்றாமல் தன் சட்டகத்திலேயே நிற்கும் இரும்புக் கூண்டு வகை நல்லது. வீட்டை ஒட்டிய காலியிடத்தில் ஷாஃப்ட் (லிஃப்ட் ஏறி இறங்கும் கூண்டு) எழுப்பலாம் என்று ஆசை காட்டுவார்கள். அது விதிப்படி விட்டிருக்கும் இடம் என்றால் அங்கே கட்டாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டு லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, தீப்பிடித்தால் லிஃப்ட்டைப் பயன்படுத்தவும் கூடாது. ஆகவே லிஃப்ட் வந்துவிட்டதே என்று படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்டும் பழைய பேப்பரும் அடுக்க வேண்டாம். இரண்டு பக்கமும் கைப்பிடி போடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் உள்ளே மாட்டிக்கொள்வோம் என்று அம்மா லிஃப்ட்டே வேண்டாம் என்கிறார். ஜீவன் பீமா நகரில் மழை வந்தாலே கரண்ட் போகிறதே? குழாய் மாதிரி இருக்கும் கண்ணாடி லிஃப்ட் வைக்கலாமா?

பதில்: அம்மாவின் பயம் நியாயமானது. ஏ.ஆர்.டி. என்று ஒரு பேட்டரிக் கருவி உண்டு. கரண்ட் போனதும் அது லிஃப்ட்டைப் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். ஹைட்ராலிக் வகையில் எண்ணெயை விடுவித்துக் கீழே இறக்கும் வசதி இருக்கும். பேட்டரி காலப்போக்கில் செத்துப்போகும் என்பதால், மாதம் ஒரு முறை மெயினை அணைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள். முதல் சோதனையின்போது அம்மாவோடு நீங்களும் உள்ளே நில்லுங்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பயம் பாதி போய்விடும். உள்ளே இன்டர்காம் வேண்டும். இரும்புக் கேபினுக்குள் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள்.

நீங்கள் கேட்கும் கண்ணாடிக் குழாய், காற்றழுத்தத்தில் ஓடும் வகை. குழி தோண்ட வேண்டாம், கரண்ட் போனால் மெதுவாகத் தானே கீழே வந்துவிடும். ஆனால் அதன் சின்ன அளவில் ஒருவர்தான் நிற்கலாம், சக்கர நாற்காலி போகாது. மேலே ஏறும்போது சத்தமும் இருக்கும். அம்மாவுக்காகத்தான் என்றால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சொந்த வீட்டுக்குள் வைக்கும் லிஃப்ட்டுக்கும் அரசு அனுமதி வேண்டுமா?

பதில்: கர்நாடகத்தில் இதற்கென்றே 2012-ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டம் இருக்கிறது. பொருத்த அனுமதி, ஓட்ட உரிமம் இரண்டையும் மாநில மின் ஆய்வுத் துறை தருகிறது. "வீட்டுக்குத்தானே, அதெல்லாம் தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால் அந்த வார்த்தையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டையும் யார் வாங்கித் தருவது, வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு, கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.