கொலோஃபோன் வண்டு, ரொண்டோ கலாகோ: எதற்கு ஆபத்து அதிகம்?

இந்த இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம் என்று கேட்டிருந்தீர்கள். டர்பனில் இரவில் குழந்தைபோல் அழும் கலாகோவை, மரத்தில் வாழும் அந்தச் சிறு விலங்கை, நாம் அறிவோம். ரொண்டோ கலாகோ அதன் குட்டி உறவு, தேவாங்குக்கும் சொந்தம். எடை சுமார் 60 கிராம், ஒரு கோழிமுட்டை அளவுதான். வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி. தான்சானியாவின் கரையோரக் காடுகளில், அடுப்புக்கரிக்காகவும் விவசாயத்துக்காகவும் மரம் வெட்டுவதால் தவிக்கிறது. காட்டைக் காத்தால் பிழைக்கும்.

எனக்குக் கவலை வண்டைப் பற்றித்தான். கொலோஃபோன் இனங்கள் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மலைகளில் மட்டுமே உண்டு. பறக்கத் தெரியாது. சில இனங்களுக்கு ஒரே ஒரு சிகரம்தான் உலகம். குளிர்ந்த உச்சியில் வாழ்பவை. வெயில் கூடினால் மேலே ஏற இடமில்லை. அப்புறம், ஆணின் கொம்பு போன்ற தாடைகளுக்கு ஆசைப்பட்டுச் சேகரிப்பாளர்கள் கள்ளத்தனமாகப் பிடிக்கிறார்கள். கலாகோவின் முகத்தைப் பார்த்தால் மனசு இளகும். வண்டுக்கு அந்த முகம்கூட இல்லை.