ஆழமாகக் கர்ணமடிக்கும் இளம் ரோலர் புறாக்களை என்ன செய்வது?

பறக்கும்போது பின்னோக்கிக் கர்ணமடித்தபடி கீழிறங்கும், இங்கிலாந்தின் பர்மிங்காம் வட்டாரத்தில் உருவான பர்மிங்காம் ரோலர் புறா இனத்தில், சில மாதமே ஆன குஞ்சு ஆழமாக, அதாவது நெடுந்தூரம் கீழிறங்கும்வரை சுழன்று, கட்டுப்பாட்டை இழந்து கூரையிலோ தரையிலோ மோதினால் அதை உடனே கழித்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கர்ணமடிக்கும் உந்துதல் பல குஞ்சுகளில் சிறகு வலுவுக்கு முந்திக்கொண்டு வருவதால், அத்தகைய குஞ்சைச் சில வாரங்கள் கூட்டிலேயே ஓய்வில் வைத்து, இறகுதிர்வு முடிந்து உடல் தேறிய பிறகு, காற்றில்லாத காலைகளில், நிதானமாகப் பறக்கும் மூத்த புறாக்களோடு சில நாள் இடைவெளி விட்டுப் பறக்கவிடுங்கள். தீனியை மிகவும் குறைத்துப் பட்டினி போடாதீர்கள். மெலிந்த பறவை சுழற்சியிலிருந்து மீள வலுவின்றிப் போகும், இதுதான் நான் அதிகம் காணும் தவறு.

ஓய்வுக்குப் பின்னும் மீண்டும் மீண்டும் மோதும் பறவையைப் பறக்கவிடுவது கொடுமை. அதை நிரந்தரமாகக் கூட்டிலேயே வைத்துக் காப்பாற்றுங்கள்.

இனப்பெருக்கத்திலோ கூடுதல் கண்டிப்பு தேவை. இப்பண்பு பரம்பரையாக வருவது என்பதால், ஆழமாகச் சுழலும் இரண்டை இணைசேர்த்தால் தரையில் மோதும் குஞ்சுகள் பெருகக்கூடும். ஆகவே ஆழமான பறவைக்கு, குறைந்த தூரமே வேகமாகச் சுழன்று தெளிவாக நின்று உடனே கூட்டத்தில் சேரும் துணையைத் தேர்ந்தெடுங்கள். அதையும் இரண்டு பருவமாவது பறக்கவிட்டுப் பார்த்த பின்பே செய்யுங்கள்.