‘வேண்டாம்’ என்று போட்ட வாக்குகளை எடை போடுவது எப்படி?

கேள்வி: அமெரிக்க அரசியல்வாதி ரான் பால், லிபர்டேரியன் கொள்கையில் இருந்து இம்மியளவும் விலகாதவர் என்று என் நண்பர் ஓயாமல் சொல்கிறார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அவர் அளித்த வாக்குகளைப் பார்த்தால் அது சரியா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். பிறர்மீது வலியச் சென்று தாக்குதல் தொடுக்காத வரை ஒருவர் தம் உடலையும் உடைமையையும் தம் விருப்பப்படி ஆளலாம், வரியோ கட்டாயமோ போரோ எதுவானாலும் அதற்கான நியாயத்தை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அரசினுடையது என்பது லிபர்டேரியன்களின் நிலை. அதனால்தான் செலவு, வரி ஆகியவற்றில் வலதுசாரிகளோடும், போர், கண்காணிப்பு ஆகியவற்றில் பெரும்பாலும் இடதுசாரிகளோடும் அவர்கள் சேர்ந்து நிற்கிறார்கள்.

மகப்பேறு மருத்துவரான ரான் பால், டெக்சாஸ் மாநிலத்திலிருந்து 1976-க்கும் 2013-க்கும் இடையே, இடைவெளி விட்டு மூன்று கட்டங்களாக, காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் இருந்தவர். 1988-ல் லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளர். ‘டாக்டர் நோ’ என்ற பட்டப்பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. 1999-ல் கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸுக்குக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் வழங்கும் மசோதா 424-க்கு 1 என்று நிறைவேறியபோது, அந்த ஒன்று அவருடையது. வரிப்பணத்தில் ஏன், ஆளுக்கு 100 டாலர் நம் பையிலிருந்து போடுவோமே என்றார். ரசிகர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் வாக்கு இது. ஆனால் முடிவை எவ்விதத்திலும் மாற்றாது என்று தெரிந்தே போடும் வாக்கைக் கொண்டு ஒருவரின் கொள்கை உறுதியை அளப்பதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பின் 5,180 கோடி டாலர் நிவாரணத்தை எதிர்த்த பதினொரு பேரில் அவரும் ஒருவர் என்பதை நான் அதற்கு மேலாக வைப்பேன்; அவருடைய தொகுதியே புயல் தாக்கும் மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருந்தது, அடுத்த புயலில் இதே கேள்வி தம் வாக்காளர்களிடமிருந்து வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அவருடைய கணக்கில் மிகக் கனமான வாக்குகள் 2001, 2002 ஆண்டுகளுக்குரியவை. செப்டம்பர் 11 தாக்குதலின் சூடு ஆறாத நேரத்தில் வந்த, அரசின் கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கிய பேட்ரியாட் சட்டத்தை அவருடைய குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் மூவர் மட்டுமே. அவர்களில் ஒருவர் இவர். மறு ஆண்டு ஈராக் போருக்கான தீர்மானம் 296-க்கு 133 என நிறைவேறியபோதும், சொந்தக் கட்சி அதிபரை மீறி எதிர்த்த அக்கட்சியினர் ஆறு பேரில் இருந்தார். இவ்விரண்டுக்கும் முந்தைய ஒன்றை அவருடைய ஆதரவாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை: 2001 செப்டம்பரில் அதிபருக்குப் படைபலத்தைப் பயன்படுத்த அதிகாரம் தந்த தீர்மானம் 420-க்கு 1 என்று நிறைவேறியது, எதிர்த்த அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ, ரான் பால் அல்லர். தாக்கியவர்களைத் திருப்பித் தாக்குவது தற்காப்பு என்ற வகையில் அந்த வாக்கைக் கொள்கைக்குள் அடக்கலாம். ஆனால் எந்த நாடு, எத்தனை ஆண்டு என்ற வரம்பே இல்லாமல் எழுதப்பட்ட ஒரு தீர்மானத்துக்கு, அரசின் சொல்லை எப்போதும் சந்தேகிக்கிற மனிதர் சம்மதித்தார் என்பது உறுத்தத்தான் செய்கிறது.

மதிப்பெண் போடுகிறவர்கள் தடுமாறும் இடம், 2005-ல் மத்திய அமெரிக்க நாடுகளுடன் செய்த வணிக ஒப்பந்தம். அது 217-க்கு 215 என்ற நூலிழையில் நிறைவேறியது. ரான் பால் எதிர்த்தார். சுங்கவரியைக் குறைப்பதுதானே லிபர்டேரியன் நிலை என்று கேட்டால், இது தடையற்ற வணிகமல்ல, அரசுகள் கூடி நிர்வகிக்கும் வணிகம் என்பது அவர் பதில். வாதம் பொய்யல்ல. ஆனால் ‘வேண்டாம்’ என்ற அந்தப் பக்கத்தில் அவரோடு நின்றவர்களில் உள்நாட்டுச் சர்க்கரை உற்பத்தியாளர்களுக்காகப் பேசிய உறுப்பினர்களும் உண்டு. அவர்கள் நின்றது உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் இறக்குமதி வரிக்காக. வாக்குப் பதிவேட்டில் இரண்டு ‘வேண்டாம்’களும் ஒன்றுபோலவே இருக்கும். சபையில் அவர் சொன்ன காரணத்தைப் படித்தால்தான் வேறுபாடு தெரியும்.

இனி நண்பர் விரும்பாதவை. தம் தொகுதிக்கான திட்டங்களுக்கு நிதி ஒதுக்கக் கேட்டு மசோதாவில் சேர்த்துவிட்டு, அந்த மசோதாவையே எதிர்த்து வாக்களிப்பது அவருடைய வழக்கமாக இருந்தது. மொத்தத் தொகை எப்படியும் செலவாகத்தான் போகிறது, அதை எங்கே செலவிடுவது என்பதை நிர்வாகத்திடம் விடாமல் காங்கிரஸே சொல்லட்டும் என்பது அவர் சமாதானம். அரசமைப்பின் கண்ணில் அது சரியாக இருக்கலாம். மசோதா நிறைவேறிவிடும் என்ற தைரியம் இல்லாவிட்டால் அந்த ‘வேண்டாம்’ வந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. 2006-ல் மெக்சிகோ எல்லையில் சுமார் 700 மைல் வேலிக்கு வாக்களித்தார். 2011-ல், அத்தகைய வேலி நம்மையே உள்ளே அடைத்துவைக்கப் பயன்படலாம் என்று எச்சரித்தார். கருக்கலைப்பு மாநிலங்களின் அதிகாரத்துக்குரியது என்று வாதாடிக்கொண்டே, அதன் ஒரு முறையை நாடு முழுவதும் தடைசெய்யும் 2003-ஆம் ஆண்டு மசோதாவை ஆதரித்தார். கருவின் உயிரைக் காப்பதும் தாக்குதலைத் தடுப்பதுதான் என்று அவரைப் போல் கருதுகிற லிபர்டேரியன்கள் உண்டு என்பதால், இங்கே மாநில அதிகாரம் பற்றிய முரண்பாட்டை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஆக, போர், உளவு, வரி, செலவு ஆகியவற்றில் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. எல்லை வேலியிலும் தொகுதி நிதியிலும் ரான் பால் மற்ற அரசியல்வாதிகளைப் போன்றவரே.

கேள்வி: நம் எம்.பி.க்களுக்கும் இப்படிக் கணக்கெடுக்க முடியாதா? (அதே வாசகர்)

பதில்: கடினம். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். எனவே பதிவாவது பெரும்பாலும் கட்சியின் வாக்கு. பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுவதால், யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியலும் இருப்பதில்லை. அமெரிக்காவிலும் இது நடக்காமலில்லை: 2020 மார்ச்சில் இரண்டு லட்சம் கோடி டாலரைத் தாண்டிய கொரோனா நிவாரண மசோதாவுக்குப் பெயர்வாரியான வாக்கெடுப்பு வேண்டும் என்று கென்டக்கியின் தாமஸ் மாஸி கேட்டார், போதிய உறுப்பினர்கள் ஆதரிக்கவில்லை, சபை குரல் வாக்கிலேயே அதை நிறைவேற்றியது. இங்கே ஒருவரை அளக்க வேண்டுமானால் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாக்களையும், விவாதங்களில் பேசியதையும், கேட்ட கேள்விகளையும் பாருங்கள். மூன்றும் நாடாளுமன்ற இணையதளத்திலேயே கிடைக்கின்றன.